ஒரு சீட்டு, பல கல்லாப்பெட்டிகள்

தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்கள் காசு கொடுப்பதில்லை. ஆனாலும் நடத்துநர் ஒரு சீட்டைக் கிழித்துக் கையில் கொடுக்கிறார். காசு வாங்காத பயணத்துக்குச் சீட்டு எதற்கு? ஏறியவருக்கு அது தேவையில்லை. தேவைப்படுவது போக்குவரத்துக் கழகத்துக்கு. எத்தனை பேர் இலவசமாகப் போனார்கள் என்ற கணக்கு கையில் இருந்தால்தான் அந்த இழப்பை அரசிடம் கேட்டு வாங்க முடியும்.

எந்தப் பயணச்சீட்டுக்கும் இப்படி இரண்டு வேலைகள் உண்டு. பயணிக்கு அது அனுமதி. வண்டியை ஓட்டுகிறவர்களுக்கும் அவர்களுக்குப் பணம் தருகிறவர்களுக்கும் இடையில் அது கணக்கு. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில், படகு என ஒரு வட்டாரத்தின் எல்லா வண்டிகளுக்கும் ஒரே அட்டை என்று திட்டமிடும்போது, முதல் வேலையைச் சில்லும் மின்காந்தமும் அழகாக முடித்துவிடுகின்றன. திட்டங்கள் ஆண்டுக்கணக்கில் இழுபடுவது இரண்டாவது வேலையில்.

பேட்டரி இல்லாத கணினி

ஸ்மார்ட் கார்டின் பிளாஸ்டிக்கை நீக்கிவிட்டால் உள்ளே முக்கியமாக இரண்டு பொருள்கள்தான் இருக்கும்: ஓரத்தை ஒட்டிச் சில சுற்றுகள் ஓடும் மெல்லிய கம்பிச் சுருள், அதன் முனைகளோடு இணைந்த சில மில்லிமீட்டர் அகலச் சில்லு. பேட்டரி கிடையாது. நுழைவாயிலில் இருக்கும் கருவியிடம் போகும்வரை அந்தச் சில்லு வெறும் சிலிக்கன் துண்டு.

கருவிக்குள்ளும் ஒரு சுருள் இருக்கிறது. அதில் ஓடும் மின்சாரம் நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை ஊசலாடுகிறது. அதனால் சுருளைச் சுற்றி எழும் காந்தப்புலமும் அதே வேகத்தில் மாறுகிறது. மாறும் காந்தப்புலத்தில் வைத்த கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். அட்டையின் சுருளில் நடப்பதும் அதுதான். அப்படிப் பிறந்த மின்சாரத்தில் சில்லு விழித்துக்கொள்கிறது.

விழித்த சில்லு பதில் சொல்ல வேண்டும். அதனிடம் ஒலிபரப்பும் கருவி எதுவும் இல்லை. ஊஞ்சலை ஆட்டிவிடுகிறவருக்கு, அதில் உட்கார்ந்திருக்கும் குழந்தை காலைத் தரையில் தேய்த்தால் கையிலேயே தெரிந்துவிடும். சில்லும் அதைத்தான் செய்கிறது. தன் சுருளின் மீது ஒரு மின்சுமையை ஏற்றி இறக்குகிறது. அந்த இழுபறியைக் கருவியின் சுருள் உணர்கிறது. ஏற்றியது ஒன்று, இறக்கியது சுழி என்று வைத்துக்கொண்டு, கொடுத்தவரின் மின்சாரத்தைக் கொண்டே கொடுத்தவரோடு பேசிவிடுகிறது.

இந்தக் காந்தப்புலம் தூரம் கூடக்கூட மிக வேகமாக மங்குவதால் பேச்சு ஏறத்தாழ 10 சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும். பின்னால் நிற்பவரின் பையிலிருக்கும் அட்டையில் நம் பயணத்துக்குப் பணம் பிடிக்காமல் இருப்பது இதனால்தான்.

அடுத்து அடையாளச் சோதனை. கருவி ஒரு தற்செயல் எண்ணை அனுப்புகிறது. சில்லு தனக்குள் இருக்கும் ரகசியச் சாவியால் அந்த எண்ணை உருமாற்றித் திருப்பி அனுப்புகிறது. அதே சாவி தெரிந்த கருவி, விடை சரியா என்று பார்த்துக்கொள்கிறது. சாவி காற்றில் போவதே இல்லை. எண் ஒவ்வொரு முறையும் மாறுவதால், ஒட்டுக்கேட்டவர் பழைய விடையைத் திருப்பிச் சொல்லியும் ஏமாற்ற முடியாது. பிறகு இருப்பைப் படித்து, கட்டணத்தைக் கழித்து, புதிய இருப்பை எழுத வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே பயணி அட்டையை இழுத்துக்கொண்டால்? நல்ல சில்லுகள் பழைய இருப்பை அழிக்காமல் புதியதை வேறோர் இடத்தில் எழுதுகின்றன. எழுதி முடித்த பிறகுதான் ‘இனி இதுவே செல்லும்’ என்ற குறியை மாற்றுகின்றன. நடுவில் மின்சாரம் போனாலும் பழைய இருப்போ புதிய இருப்போ முழுதாக இருக்கும். அரைகுறையாக ஒன்று இருக்காது.

இத்தனையும் எவ்வளவு நேரத்தில்? 1997 செப்டம்பர் 1 அன்று ஹாங்காங்கில் தொடங்கிய ஆக்டோபஸ் அட்டைக்கு 0.3 நொடி. 2001 நவம்பரில் டோக்கியோ பகுதியில் சுய்கா அட்டையை வெளியிட்ட கிழக்கு ஜப்பான் ரயில்வே 0.2 நொடி கேட்டது. நெரிசல் நேரத்தில் ஒரு வாயிலில் நிமிடத்துக்கு 60 பேர் நடையை நிறுத்தாமல் கடக்க வேண்டும் என்பது அவர்கள் தேவை. சோதனை ஓட்டத்தில் சில்லு சரியாக வேலை செய்தது, மனிதர்களின் கைதான் ஒத்துழைக்கவில்லை. ஆளுக்கொரு இடத்தில், ஆளுக்கொரு கோணத்தில், ஒரு கணம் அட்டையைக் காட்டிவிட்டுப் போனார்கள். வடிவமைப்பாளர் ஷுன்ஜி யமனாகா பல மாதிரிகளைச் செய்து பயணிகளிடமே சோதித்தார். படிக்கும் பரப்பைப் பயணியை நோக்கி 13.5 பாகை சாய்த்து, அதில் விளக்கும் எரியவிட்டால், சொல்லிக்கொடுக்காமலேயே கை சரியான இடத்துக்குப் போகிறது என்று கண்டார். தொடாமலே வேலை செய்யும் அட்டையைத் ‘தொட்டுவிட்டுப் போங்கள்’ என்று அறிவித்ததும் இதே காரணத்தால்தான். தொட்டால், அட்டை புலத்துக்குள் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும்.

பேருந்தில் இந்த நொடிகளின் மதிப்பு இன்னும் அதிகம். ஒரு நிறுத்தத்தில் 30 பேர் ஓட்டுநரிடம் காசு கொடுத்து ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 4 நொடி மிச்சமானால் 2 நிமிடம் மிச்சம். வழியில் அதுபோல ஐந்து நிறுத்தங்கள் இருந்தால் ஒரு நடைக்குப் 10 நிமிடம். புதிய பேருந்து வாங்காமலே நடைகளைக் கூட்டலாம்.

ஆனால் சில்லை நம்பிவிட்டுத் தூங்கவும் முடியாது. லண்டனின் ஆய்ஸ்டர், நெதர்லாந்தின் ஓவி-சிப்கார்ட் என்ற பயண அட்டைகள் இரண்டிலும் முதலில் இருந்தது மைஃபேர் கிளாசிக் என்ற சில்லு. அதன் மறையாக்க முறையைத் தயாரிப்பாளர்கள் ரகசியமாக வைத்திருந்தார்கள். 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஒரு மாநாட்டில் இரண்டு ஆய்வாளர்கள், அந்தச் சில்லை அடுக்கடுக்காகச் சீவி, நுண்ணோக்கியில் படமெடுத்து, அந்த முறையைப் பெருமளவு கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகக் குழு அதை முழுமையாக உடைத்தது. ஆய்வை வெளியிடத் தடை கேட்டுச் சில்லைத் தயாரித்த நிறுவனம் நீதிமன்றம் போனது, நீதிமன்றம் மறுத்துவிட்டது. பூட்டின் அமைப்பு ஊருக்கே தெரிந்தாலும் சாவி இல்லாமல் திறக்கக் கூடாது. அதுதான் நல்ல பூட்டு. லண்டன் அதன்பின் புதிய அட்டைகளுக்கு வேறு சில்லுக்கு மாறியது.

பணம் எங்கே இருக்கிறது?

அட்டையிலேயே இருப்பை எழுதுவது ஒரு வழி. இணைப்பே இல்லாத மலைப்பாதைப் பேருந்திலும் இது வேலை செய்யும். கருவி நாள் முழுக்கச் சேர்த்துவைத்த பதிவுகளை இரவில் பணிமனைக்குத் திரும்பியதும் இறக்கிவைத்தால் போதும். தொலைந்துபோன அட்டைகளின் தடைப்பட்டியலையும் அப்போதே ஏற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு வழியில் அட்டை வெறும் அடையாளம். இருப்பும் கணக்கும் மையக் கணினியில். லண்டன் 2012 டிசம்பரில் பேருந்துகளிலும், 2014 செப்டம்பரில் சுரங்க ரயிலிலும் சாதாரண வங்கி அட்டைகளை ஏற்கத் தொடங்கியது இப்படித்தான். வாயிலில் இருக்கும் கருவி வங்கியோடு பேசுவதில்லை. அதற்கு நேரமில்லை, அரை நொடிக்குள் கதவு திறக்க வேண்டும். அட்டை போலியில்லை, தடைப்பட்டியலில் இல்லை என்று மட்டும் பார்த்து உள்ளே விட்டுவிடுகிறது. அன்றைய தொடுகைகளையெல்லாம் இரவில் கோத்து, எங்கே ஏறி எங்கே இறங்கினார் என்று கணித்து, மொத்தத்துக்கும் ஒரே முறை பணம் எடுக்கிறது. அட்டைக்குரிய கணக்கில் பணமே இல்லை என்றால் முதல் பயணம் நட்டம்தான். அந்த நட்டத்தை யார் ஏற்பது என்பது கூட முன்கூட்டியே பேசி எழுதப்பட்ட ஒன்று.

இருப்பு அட்டையில் இருந்தாலும் மையத்தில் இருந்தாலும், கணக்கைக் கருவிகளே போடத் தொடங்கியதும் கட்டணத்தைப் பற்றியே வேறு மாதிரி யோசிக்க முடிகிறது. ஒரு நாளில் எத்தனை முறை போனாலும் இந்தத் தொகைக்கு மேல் பிடிக்காது என்ற உச்சவரம்பை லண்டன் 2005லேயே ஆய்ஸ்டரில் கொண்டுவந்தது. காலையில் ‘இன்று எத்தனை முறை ஏறுவேன், நாள் சீட்டு வாங்கினால் கட்டுப்படியாகுமா’ என்று பயணி கணக்குப் போட வேண்டாம். மாதம் முழுவதற்குமான தொகையை முதலிலேயே கட்ட வசதியில்லாதவருக்கும் பாஸின் பலன் கொஞ்சம் கிடைக்கிறது.

கணக்கை மையத்தில் வைப்பதற்கு ஒரு விலையும் உண்டு. அதைச் சிங்கப்பூர் 2024இல் பார்த்தது. ஈசி-லிங்க் போன்ற பழைய அட்டைகளை நிறுத்திவிட்டு, பயணிகளை மையக் கணக்கு முறைக்கு மாற்றப்போவதாக ஜனவரி 9 அன்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. காரணம் எளியது: புதிய முறையில் வாயிலைக் கடக்கும்போது பிடித்த கட்டணமும் மிச்சமும் திரையில் தெரியாது; செயலியைத் திறந்து பார்க்க வேண்டும். மையத்திடம் கேட்டுக் காட்டலாம், ஆனால் அதற்குக் கூடுதல் நொடிகள் ஆகும், வரிசை தேங்கும். ஜனவரி 22 அன்று அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. பழைய முறையைத் தொடர 4 கோடி சிங்கப்பூர் டாலர் கூடுதல் செலவு என்றும் சொன்னது. ‘எவ்வளவு மிச்சம்?’ என்று பார்த்துக்கொள்வது, எண்ணிச் செலவு செய்கிறவர்களுக்குச் சீட்டின் ஒரு பகுதியேதான்.

ஒரே பணப்பை வேறு, ஒரே கட்டணம் வேறு

இங்கேதான் திட்டமிடுகிறவர்கள் அடிக்கடி சறுக்குகிறார்கள். ஹாங்காங்கில் ரயில், பேருந்து, டிராம், படகு எல்லாவற்றிலும் ஒரே ஆக்டோபஸ் செல்லும்; கடையில் பால் கூட வாங்கலாம். ஆனால் பேருந்திலிருந்து ரயிலுக்கு மாறினால், தனித் தள்ளுபடி ஏற்பாடு இல்லாத இடங்களில், ஒவ்வொரு நிறுவனமும் தன் கட்டணத்தைத் தனியாகவே பிடிக்கும். பணப்பை ஒன்று, கட்டணங்கள் பல.

இதற்கு நேர் எதிரானது ஜெர்மனியின் ஹாம்பர்க். 1965 நவம்பரில் அங்கே சுரங்க ரயில் நிறுவனமும், நாட்டின் ரயில்வேயும், பேருந்து, படகு நிறுவனங்களும் கூடி எச்.வி.வி. என்ற போக்குவரத்துக் கூட்டமைப்புக்கு ஒப்பந்தம் போட்டன. உலகில் இவ்வகையில் அதுவே முதல் என்பார்கள். ஒரு சீட்டு வாங்கினால் அது யாருடைய வண்டி என்று பயணி பார்க்க வேண்டியதில்லை. சில்லு இல்லை, செயலி இல்லை. வெறும் காகிதம். ஸ்விட்சர்லாந்தின் சூரிக் வட்டாரம் 1990இல் இதே வழியில் போனது. வட்டாரத்தை மண்டலங்களாகப் பிரித்து, நேரம் குறித்த காகிதச் சீட்டு ஒன்றிலேயே ரயில், டிராம், பேருந்து, ஏரிப் படகு அத்தனையிலும் போகவிட்டார்கள்.

சில்லு வந்து ஒற்றுமை குறைந்த கதையும் உண்டு. நெதர்லாந்தில் 1980 முதல் ஸ்ட்ரிப்பன்கார்ட் என்ற நீளக் காகிதச் சீட்டு இருந்தது. நாட்டின் எந்த ஊரிலும், எந்த நகரப் பேருந்திலும் டிராமிலும் மெட்ரோவிலும் அதே சீட்டு, அதே மண்டலக் கணக்கு. கடந்த மண்டலங்களுக்கு ஏற்றபடி பட்டைகளில் முத்திரை குத்தினால் போதும். கிடைத்த பணத்தை நிறுவனங்களுக்குப் பிரிக்க, பயணிகளிடம் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். 2000க்குப் பிறகு வட்டாரங்கள் டெண்டர் மூலம் பல நிறுவனங்களுக்குப் பிரிந்தபோது, ‘என் பங்கு துல்லியமாக வேண்டும்’ என்ற குரல் வலுத்தது. சில்லு அந்தத் துல்லியத்தைத் தந்தது. 2005இல் ராட்டர்டாமில் தொடங்கிய ஓவி-சிப்கார்ட், 2011 நவம்பரில் காகிதச் சீட்டை முழுதாக ஓய்வுக்கு அனுப்பியது. ரயிலும் பேருந்தும் நாடு முழுக்க ஒரே அட்டைக்குள் வந்தன. கூடவே ஒரு புதிய சிரமமும் வந்தது. ஒரு ரயில் நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் பயணி, நடைமேடையில் ஒரு கம்பத்தில் வெளியேறி, வேறு நிறத்துக் கம்பத்தில் மறுபடி நுழைய வேண்டியிருந்தது. மறந்தால், ஏறும்போது பிடித்துவைத்த முன்பணம் போயிற்று. தேசிய ரயிலில் சந்தா இல்லாத அட்டைக்கு அது 20 யூரோவாக இருந்தது. நிறுவனங்களின் எல்லைக்கோட்டைப் பயணியே தன் கையால் வரைந்துகொடுக்க வேண்டியதாயிற்று.

மாறி ஏறினால் அபராதமா?

தூரத்தை வைத்துப் பிடிக்கும் கட்டணங்களில் பெரும்பாலும் முதல் சில கிலோமீட்டருக்கு ஓர் அடிப்படைத் தொகை உண்டு. பிறகு தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்கான விலை குறையும். நடுவில் வண்டி மாறினால் அடிப்படைத் தொகையை மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது. அதே 12 கிலோமீட்டர்தான். நேர்ப்பேருந்து கிடைத்தவர் ஒரு விலை கொடுக்கிறார், கிடைக்காதவர் அதிக விலை கொடுக்கிறார். மாறுவதே ஒரு தொல்லை, அதற்கு அபராதம் வேறு.

இதன் விளைவு கட்டணத்தோடு நிற்பதில்லை. மாறினால் செலவு என்பதால் மக்கள் நேர்ப்பேருந்தையே கேட்கிறார்கள். ஒவ்வொரு பேட்டையிலிருந்தும் நகர மையத்துக்கு நேர்ப்பேருந்து விடுகிறார்கள். எல்லாமே மையத்துக்குப் போகும் சில பெரிய சாலைகளில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. உள்தெருக்களுக்கு வண்டி மிஞ்சுவதில்லை. கட்டண விதி ஒரு நகரின் பேருந்து வரைபடத்தையே வளைத்துவிடுகிறது.

தென்கொரியத் தலைநகர் சோல் 2004 ஜூலை 1 அன்று இந்த முடிச்சை அவிழ்த்தது. பேருந்துத் தடங்களை ஒரே நாளில் மாற்றி அமைத்து, நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று வண்ணம் பிரித்தார்கள். டி-மணி என்ற அட்டையில் ரயிலும் பேருந்தும் சேர்த்து மொத்தத் தூரத்துக்கு ஒரே கட்டணம்: முதல் 10 கிலோமீட்டருக்கு 800 வோன், அதன்பின் ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் 100 வோன். முதல் நாட்களில் கருவிகள் மக்கர் செய்தன. மக்கள் தடம் தெரியாமல் தவித்துத் திட்டினார்கள். ஆனால் திட்டத்தின் உயிர் அட்டையில் இல்லை. தனியார் நிறுவனங்கள் வசூலைப் பொதுக் கல்லாவில் போட்டுவிட வேண்டும். எத்தனை பேரை ஏற்றினீர்கள் என்று கேட்காமல், எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீர்கள் என்று பார்த்து நகரம் அவர்களுக்குப் பணம் தரும். அன்றோடு அடுத்த நிறுத்தத்தின் கூட்டத்துக்காக முந்திக்கொண்டு ஓட வேண்டிய அவசியம் போயிற்று. நம் ஊர்த் தனியார் பேருந்துகளின் டைமிங் தகராறைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

சிங்கப்பூரும் 2010 ஜூலையில் இதே பாதைக்கு வந்தது: ஐந்து முறை வரை மாறினாலும் அது ஒரே பயணம்தான், மொத்தத் தூரத்துக்குத்தான் காசு. லண்டன் பேருந்துகளில் ஒரு மணி நேரத்துக்குள் ஏறும் அடுத்த பேருந்து இலவசம் என்ற விதி 2016இல் வந்தது.

யாருக்கு எவ்வளவு?

ஆக, கேள்வி இதுதான்: பயணி ஒரு முறை கொடுத்த பணத்தில் மூன்று நிறுவனங்களுக்குப் பங்கு எப்படி? சில்லு வந்ததும் இது தீர்ந்துவிடும் என்று தோன்றும். தீர்வதில்லை. லண்டனில் ஒருவர் கிழக்கில் நுழைந்து மேற்கில் வெளியேறினார் என்று மட்டுமே வாயில்களுக்குத் தெரியும். நடுவில் நகர மையம் வழியாகப் போனாரா, சுற்றுப்பாதை ரயிலில் போனாரா? கட்டணமும் வேறு, பணம் சேர வேண்டிய இடமும் வேறு. அதனால் மாறும் நிலையங்கள் சிலவற்றில் இளஞ்சிவப்புக் கருவிகளை வைத்தார்கள். சுற்றிப் போகிறவர் அதைத் தொட்டால் குறைந்த கட்டணம். அது கதவு எதையும் திறக்காது. ‘நான் இந்த வழியாகத்தான் வந்தேன்’ என்று சாட்சி சொல்ல மட்டுமே இருக்கும் கருவி.

ஆய்ஸ்டர் 2003இல் வந்தது. ஆனால் லண்டனுக்குள்ளேயே ஓடும் பிற நிறுவனங்களின் புறநகர் ரயில்களில் அதிலிருக்கும் இருப்பைக் கொண்டு பரவலாகப் பயணிக்க முடிந்தது 2010 ஜனவரியில்தான். அந்த ஏழு ஆண்டுகளில் மின்காந்த விதி எதுவும் மாறவில்லை. வாயில்களுக்கு யார் செலவு செய்வது, வருமானம் குறைந்தால் யார் தாங்குவது, பங்கு எந்த வாய்பாட்டில் என்ற பேச்சுவார்த்தைதான் முக்கியமாக நீண்டது.

சென்னை இப்போது இந்தப் பாதையில் நடக்கிறது. மாநகரப் பேருந்து மாநில அரசின் கழகத்துடையது. மெட்ரோ மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனம். புறநகர் ரயில் இந்திய ரயில்வேயுடையது. மூன்று கல்லாக்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரத்தான் கும்டா எனப்படும் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். நாடு முழுதுக்குமான பொது அட்டைத் தரம் 2019இல் வந்துவிட்டது. அதன்படி அமைந்த சிங்காரச் சென்னை அட்டை மெட்ரோவிலும், 2025 ஜனவரி முதல் மாநகரப் பேருந்திலும் செல்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை ஒன் செயலி வந்து, மூன்றுக்கும் ஒரே க்யூ.ஆர். சீட்டு என்ற நிலையை எட்டியது. பணப்பையும் சீட்டும் ஒன்றாகத் தொடங்கிவிட்டன என்பது சின்ன விஷயமில்லை. அடுத்த படி கட்டணம். ஸ்மார்ட்போனோ வங்கிக் கணக்கோ இல்லாதவர் கையில் காசோடு வந்து நின்றாலும் அதே சலுகை கிடைக்க வேண்டும் என்பதும் அந்தப் படியில் அடங்கும்.

திட்டமிடும் வரிசை பல ஊர்களில் தலைகீழாக இருக்கிறது. முதலில் அட்டைக்கு டெண்டர் விடுகிறார்கள், பிறகு கட்டணத்தை யோசிக்கிறார்கள், பங்கீட்டைக் கடைசியில் பேசுகிறார்கள். ஹாம்பர்க்கும் சோலும் காட்டுவது மறு வரிசையை: முதலில் பங்கீட்டுக் கையெழுத்து, அடுத்து கட்டணம், அதற்குப் பொருத்தமான அட்டை கடைசியாக.

எந்த ஊரில் புதிய அட்டை வந்தாலும் அதன் தரத்தை நாமே சோதிக்கலாம். பத்து கிலோமீட்டர் தூரத்தை ஒரே வண்டியில் போய்ப் பாருங்கள்; அதே தூரத்தைப் பேருந்திலும் ரயிலிலுமாக மாறிப் போய்ப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே காசு பிடித்தால், அந்த ஊரின் அலுவலகங்கள் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டன. இல்லையென்றால் அட்டை மட்டும்தான் வந்திருக்கிறது.